மூன்று முட்டை நத்தார்

ஊரிலிருந்து வெளிநாடு போகிறவர்களை வழியனுப்ப வான் வண்டி பிடித்துக்கொண்டு சனம் வரும். வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் குடியிருக்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், ஒருவரும் வரமாட்டார்கள். ரொறொன்ரோவில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அங்கிள் ஆராதனை முடிந்த கையோடு என்னை மறித்துக் கேட்டார்.

"என்ன பிள்ளை, வேலை போயிட்டுதோ? இல்லாட்டி உடம்புக்கு ஏதும் வருத்தமோ?"

இரண்டும் இல்லை என்றேன். அப்படியென்றால் வெளியில் சொல்ல முடியாத மூன்றாவது ஏதோ இருக்கிறது என்ற முகத்தோடு அவர் தேநீர் மேசைக்குப் போனார்.

மூன்றாவது ஒன்று இருந்தது உண்மைதான். எனக்கு ஆசை. என் பிள்ளைகள் கொஞ்சக் காலமாவது என் ஊரில் வளரவேண்டும் என்ற ஆசை. கணவருக்குக் கணினியோடு வேலை. இணையம் கிடைக்கிற இடமெல்லாம் அவருக்குக் கந்தோர்தான். அவர் இரண்டு வயதில் கனடாவுக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டவர். அவருக்கு யாழ்ப்பாணம் என்றால் கலியாண வீடுகளில் வயது போனவர்கள் பெருமூச்சு விட்டுக் கதைக்கிற ஒரு விஷயம். நான் அப்படியா? அளவெட்டியில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பதினேழு வயது வரை அந்த ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடியவள். என் ஊரைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இந்த வசனத்தை அந்த வருடம் நான் வாய் ஓயாமல் சொன்னேன். கேட்டுக் கேட்டுக் கணவருக்கே அது பாடமாகிவிட்டது.

அவர் ஒரேயொரு நிபந்தனை போட்டார்.

"இஞ்சரும், நத்தார் வரைக்கும் பாப்பம். பிள்ளையள் ஒட்டுதுகள் எண்டால் இருப்பம். ஒட்டேல்லை எண்டால் தை மாதம் திரும்பிப் போவம். உம்மடை ஆசைக்காகப் பிள்ளையளைக் கஷ்டப்படுத்தக் கூடாது."

கிறிஸ்மஸ் முடிந்து வருகிற தை மாதத்துக்கு நாலு ரிக்கற்றும் எடுத்து வைத்தார். நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன். இரண்டு பிள்ளைகள், ஐந்து மாதம், ஒட்டுகிறார்களா இல்லையா என்று பார்ப்பது. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஆவணியில் வந்து இறங்கினோம். மகனுக்கு அப்போது ஐந்து வயது. அவன் ஒட்டியது இரண்டாம் நாள். காலையில் செருப்பைக் கழற்றி எறிந்தவன் பிறகு அதைத் தேடவேயில்லை. ஒரு கிழமையில் அடுத்த வளவுக் கோழிகளுக்கெல்லாம் பேர் வைத்தான். இரண்டு கிழமையில் 'கோதாரி' என்ற ஏச்சுச் சொல்லை இடம் பொருள் அறிந்து பாவிக்கத் தொடங்கினான். பின் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பொடியன்கள் தவில் பழகுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் இவன் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு அடிப்பான். அவனைப் பற்றி எனக்குக் கவலை வந்தது ஒரேயொரு விதத்தில்தான். இனி இவனை எப்படித் திரும்ப ஒரு வீட்டுக்குள் அடைத்து வளர்ப்பது என்று.

மகளுக்கு எட்டு வயது. அவள்தான் எங்கள் கேள்வி. கதைக்க முதல் யோசிக்கிற பிள்ளை. அந்தக் குணம் என்னிடமிருந்து அவளுக்குப் போனதில்லை. முதல் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"நான் கதைச்சால் எல்லாரும் சிரிக்கினம்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "ஆர் சிரிச்சவள்? எந்தப் பெட்டை? நாளைக்கு நான் வந்து கேக்கிறன்!"

"வேண்டாம் அம்மா. நீங்கள் வந்தால் இன்னும் சிரிப்பினம்."

கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தை மாதம் இருந்தது.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வீடுதான். அந்த வீட்டுப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். ஒழுங்கை முழுவதும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். அவருடைய கணவருக்கு அரசாங்கக் கச்சேரியில் வேலை. ஒரே மகள், ஒன்பது வயது. நல்ல சைவக் குடும்பம். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் அந்த வாசல் படலைக்குள் போகாது. இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கிற மதில் ஓரிடத்தில் இடுப்பளவுக்கு இடிந்து கிடக்கிறது. புரட்டாதியில் ஒரு பின்னேரம் அந்த இடிசலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது.

"உங்கடை தம்பி எங்கடை வளவுக்குள்ளை கோழி கலைக்கிறான். நீங்கள் விளையாட வாறீங்களோ?"

இந்த இரண்டு வசனத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மகளுக்கு உடனே விளங்கிவிட்டது. மதிலைத் தாண்டிப் போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு மதிலடியில் ஒரு கூக்குரல் கேட்கும், மகள் பறப்பாள்.

பிள்ளைகள் விளையாடும்போது யாராவது பெரிய ஆள் நிற்கவேண்டுமே என்று நானும் போய் மதிலடியில் நிற்பேன். அந்தப் பக்கம் ரீச்சர் வந்து நிற்பார். கிணற்று மோட்டர் காற்றிழுக்கிற கதை, தேங்காய் விலை, பள்ளிக்கூடத்து அதிபரின் சிடுசிடுப்பு, ரொறொன்ரோ சபையில் யாரோடு யார் கதையில்லை, எல்லாம் அந்த மதிலுக்கு மேலால்தான் போய் வந்தன. சில நாளில் பிள்ளைகள் விளையாடி முடிந்து உள்ளே போய்க் கால் கழுவிச் சாப்பிட்டும் விடுவார்கள். நாங்கள் இருவரும் நுளம்புக் கடிக்குக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்போம். பிள்ளைக்காக எவ்வளவு பாடுபடுகிறேன் என்று எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

கார்த்திகை முடியும்போது நான் கணவரிடம் சொன்னேன், "பாத்தியளோ, பிள்ளை ஒட்டியிட்டாள்."

"ஒரு ஃபிரெண்ட்தானே," என்றார் அவர். "அந்த ஒராளும் இல்லாட்டி?"

"ஏன் இல்லாமல் போகுது? விசர்க் கதை கதைக்காதேங்கோ."

நத்தார் வந்தது. அந்த வருடம் நத்தாரும் திருவெம்பாவையும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தன. விடிய நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும். முதல் நாள் கணவர் எழும்பியிருந்து, "எங்கையோ நெருப்புப் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டார். திருவெம்பாவை பத்து நாளும் இப்படித்தான், பாடிக்கொண்டு போவார்கள் என்று விளக்கினேன். பின்னேரம் எங்கள் சபைப் பிள்ளைகள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் கரோல் பாடிக்கொண்டு வந்தார்கள். நத்தார் தாத்தாவின் முகமூடி மழையில் நனைந்து ஒரு கண் கீழே இறங்கியிருந்தது. அவர் ஆடிய ஆட்டத்தில் மகன் பயந்து மேசைக்குக் கீழே போய்விட்டான். கணவருக்கு விடியவும் நித்திரை இல்லை, பின்னேரம் வேலையும் ஓடவில்லை.

மரம் வேறு ஒரு சண்டை. அவர் யாழ்ப்பாணம் டவுனில் பிளாஸ்ரிக் மரம் ஒன்று பார்த்து வைத்திருந்தார். எங்கள் வீட்டில் சவுக்குக் கிளைதான் வைக்கிறது என்று நான் நின்றேன். கடற்கரைப் பக்கம் போய், ஒரு பெரிய கிளையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியில் அதன் பாதி ஊசி றோட்டுக்குக் கொடையாகிவிட்டது. மிச்சப் பாதியில் மகளும் ரீச்சரின் மகளுமாகப் பஞ்சு ஒட்டினார்கள். ஒட்டி முடிய அந்தப் பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது.

"உங்கடை சாமி எங்கை?"

"இன்னும் பிறக்கேல்லை," என்றாள் மகள். "வாற திங்கள்."

அந்தப் பிள்ளை சரி என்று தலையாட்டியது.

இனிப் பலகாரக் கதைக்கு வருகிறேன். நத்தாருக்கு அயலட்டைக்குப் பலகாரத் தட்டம் கொடுத்துவிடாமல் எங்கள் வீட்டில் ஒருவரும் சோற்றில் கை வைத்ததில்லை. பொங்கலுக்கு அவர்களிடமிருந்து வரும், நத்தாருக்கு எங்களிடமிருந்து போகும். ரீச்சர் வீட்டுத் தட்டத்துக்காக நான் பட்ட கவனத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கேக் அந்தத் தட்டத்தின் பக்கமே போகக்கூடாது என்று வேறு அலுமாரியில் பூட்டினேன். மீன் கட்லட் பொரித்த எண்ணெயின் வாடை பட்டுவிடும் என்று புது எண்ணெய் வாங்கினேன். பொரிக்கப் புதுத் தாச்சி, அள்ளப் புதுக் கண்ணகப்பை. கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவும் வேணுமோ?"

"உங்களுக்கு உது விளங்காது. இது எங்கடை ஊர் முறை," என்றேன்.

முறுக்கு சுட்டேன். பயற்றம் பணியாரம் சுட்டேன். மூன்றாவதாக அச்சுப் பலகாரம். பூப்போல இருக்கிற இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டு எடுக்கிறது. அம்மா சுடப் பார்த்திருக்கிறேனே தவிர, நானாகச் சுட்டதில்லை. ஆகவே யாழ்ப்பாணத்துப் பலகாரத்தை யாழ்ப்பாணத்தில் சுடுவது எப்படி என்று கேட்க ஸ்காபரோவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. அம்மா கம்பளிச் சட்டையோடு திரையில் வந்தார்.

"அரிசிமா, தேங்காய்ப்பால், சீனி, உப்பு. மூண்டு முட்டை அடிச்சு விடு. அப்பத்தான் மொறுமொறுப்பா வரும்."

"மாவுக்கு மூண்டு காணுமோ?"

"காணும், காணும். அச்சை முதல் எண்ணெயிலை நல்லாச் சூடாக்கு."

முட்டை உடைப்பது மகளுக்குப் பிடித்த வேலை. கோது விழாமல் மூன்றையும் உடைத்தாள். முதல் நாலு அச்சும் மாவை விடமாட்டேன் என்று அடம்பிடித்தன. ஐந்தாவது வழுகி விழுந்து எண்ணெயில் பூத்தது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. படம் எடுத்து ரொறொன்ரோவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினேன்.

நத்தார் அன்று ஆராதனை முடிந்து வந்து, தட்டத்தில் மூன்று பலகாரமும் கதலிப்பழச் சீப்பும் அடுக்கி, லேஸ் துணியால் மூடி, புதுச் சட்டையோடு மகளை அனுப்பினேன். பிள்ளைகள் கொண்டு போவதுதான் வழக்கம். போனவள் வரச் சுணங்கினாள். வரும்போது தட்டம் நிறையக் கற்கண்டும் மாதுளம்பழமும் இருந்தன. வெறும் தட்டம் திருப்பிக் கொடுக்காத, முறை தெரிந்த சனம் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன சொன்னவ அன்ரி?"

"தாங்க்ஸ் சொன்னவ," என்றாள். சட்டையை மாற்றப் போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என் அக்கா வந்தாள். நாங்கள் எல்லோரும் போனபிறகும் ஊரைவிட்டு அசையாதவள். இப்போது டவுனில் இருக்கிறாள். சாப்பிட்ட பிறகு ஒரு அச்சுப் பலகாரத்தை எடுத்துக் கடித்தாள்.

"நல்லா வந்திருக்கு. எத்தினை முட்டை?"

"மூண்டு," என்றேன் பெருமையாக.

"ரீச்சர் வீட்டுக்கு வேறையாச் சுட்டனியோ?"

"வேறை எண்டால்?"

"முட்டை போடாமல்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையில் இருந்த பலகாரத்தைத் தட்டில் வைத்தாள்.

"அடி விசரி! அவையள் திருவெம்பாவை விரதமெல்லோ! பத்து நாளும் ஒருநேரச் சாப்பாடு! அதுக்குள்ளை முட்டைப் பலகாரம் குடுத்து விட்டிருக்கிறாய்!"

"புது எண்ணெயிலைதான் சுட்டனான்," என்றேன்.

"புது எண்ணெய்! முட்டையைப் போட்டுப்போட்டுப் புது எண்ணெயாம்! அம்மா ரெண்டு சட்டியிலை மாக் கரைக்கிறது உனக்கு ஞாபகமில்லையோ?"

சொன்னபிறகு ஞாபகம் வந்தது. இரண்டு சட்டிதான். ஒன்று எங்களுக்கு, ஒன்று சைவ வீடுகளுக்கு. அந்த இரண்டாவது சட்டி எப்போது என் தலையிலிருந்து விழுந்து போனது என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மாதானே சொன்னவ, மூண்டெண்டு," என்றேன்.

"அம்மா இப்ப ஸ்காபரோ ஆளெல்லோ. அங்கை ஆர் விரதம் இருக்கிறது?"

கணவர் உடனே போய் மன்னிப்புக் கேள் என்றார். அக்கா வாயைத் திறக்காதே என்றாள். தெரியாமல் சாப்பிட்டால் அது அவர்களுக்குப் பாவமில்லை, சொன்னால்தான் மனம் குழம்பும் என்பது அவள் வாதம். எனக்கு அக்காவின் வாதம் வசதியாக இருந்தது. அன்று காலையில் போதகர் ஒளியைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கித்திருந்தார். மத்தியானம் நான் மகளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"குஞ்சு, பக்கத்து வீட்டிலை முட்டைக் கதை எடுக்கக் கூடாது. சரியோ?"

"ஏன்?"

"அவையள் முட்டை சாப்பிடாத ஆக்கள்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

தெரியும் என்றால் எப்படித் தெரியும், எப்போது தெரியும் என்று கேட்டிருக்கவேண்டும். எனக்கு அப்போது கேட்கிற புத்தி இருக்கவில்லை. சரி, போ என்று அனுப்பிவிட்டேன்.

அன்று நாலு மணிக்கு மதிலடியில் சத்தம் இல்லை. விருந்து நாள்தானே என்று மனதைத் தேற்றினேன். அடுத்த நாளும் இல்லை. படலை பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்த நாளும் இல்லை. என்னிடம் மிச்சம் மீதி இருந்த தைரியமும் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டார்கள், பிறகு தெரிந்துவிட்டது, கோபத்தில் பிள்ளையை மறித்துவிட்டார்கள். இதைவிட வேறு என்ன இருக்கமுடியும்? என் பிள்ளைக்கு இந்த ஊரில் இருந்த ஒரேயொரு சிநேகிதியை மூன்று முட்டையால் நானே அடித்து விரட்டிவிட்டேன்.

மகள் விறாந்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு படம் கீறினாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் தலையைத் தடவிவிட்டுப் போவேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கீறுவாள். எவ்வளவு வேதனையை உள்ளே வைத்திருக்கிறது இந்தப் பிள்ளை என்று நெஞ்சு எரிந்தது.

நெஞ்சு எரிந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. முதலில் அம்மாவுக்கு எடுத்தேன்.

"நீங்கள் ஏன் முட்டை போடச் சொன்னனீங்கள்?"

"நீ ஆருக்குச் சுடுறாய் எண்டு சொன்னனியோ? விடியக் காலமை எழுப்பிக் கேட்டுப்போட்டு இப்ப என்னிலை பாயிறாய்!"

பிறகு கணவரில் பாய்ந்தேன், அவர் கேக் கேட்டதற்கு. பிறகு சவுக்குக் கிளையில், அது ஊசி கொட்டியதற்கு. கணவர் ரிக்கற் வந்த மின்னஞ்சலை எடுத்து மேசையில் திறந்து வைத்திருந்தார்.

அந்த இரண்டு பின்னேரமும் நாலு மணிக்கு நான் மதிலடிக்குப் போனேன். சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. கறிவேப்பிலை பிடுங்குகிற மாதிரி நின்றேன். இரண்டாம் நாள் கணவர் வந்து தோளில் கை வைத்தார்.

"இஞ்சரும், மரத்திலை இனி இலை இல்லை. உள்ளை வாரும்."

அடுத்த நாள் காலையில் பக்கத்துப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. இனிப் பொறுக்கமுடியாது, திட்டினால் திட்டு வாங்குவோம், பிள்ளைக்காகக் காலில் விழுந்தாலும் பரவாயில்லை என்று வெளிக்கிட்டேன். ரீச்சர் நெற்றி நிறையத் திருநீறோடு கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ! நத்தார் அண்டு பின்னேரமே வெளிக்கிட்டிட்டம். இவரின்ரை அம்மா வீட்டிலை நிண்டு, திருவாதிரையோடை விரதம் முடிச்சுக்கொண்டு ராத்திரித்தான் வந்தது. உங்கடை மகள் சொல்லேல்லையோ? எங்கடை இவள் அவளிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே வந்தவள்."

மகளிடம் நான் கேட்கவேயில்லை. மூன்று நாளாக அந்தப் பிள்ளையின் தலையைத் தடவித் தடவி நான் துக்கம் கொண்டாடியிருக்கிறேன்.

"ரீச்சர், நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்," என்றேன். "அந்த அச்சுப் பலகாரம்…"

"முட்டைதானே," என்றார் அவர். "பிள்ளை அண்டைக்கே சொன்னது."

ரீச்சர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தட்டத்தைத் தரமுதலே சொன்னது. 'அன்ரி, முறுக்கும் பணியாரமும் சாப்பிடலாம். உந்தப் பூ மாதிரி இருக்கிறதிலை மூண்டு முட்டை கிடக்கு, நான்தான் உடைச்சனான்' எண்டு. கனடாப் பள்ளிக்கூடத்திலை ஆருக்கும் சாப்பாடு குடுத்தால் அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு சொல்லித்தான் குடுக்கோணுமாம். நான் அதை மட்டும் வேறையா ஒரு ரின்னிலை போட்டு, மோட்டார் சைக்கிள் விடுற கொட்டிலுக்குள்ளை வைச்சிட்டன். விரதம் முடிஞ்சுதுதானே, இனி இவர் சாப்பிடுவார். டவுனிலை போய் முட்டைக் கொத்து ரொட்டி அடிக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு திரியிறார்."

நான் சிரித்தேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பிள்ளையின் சிநேகிதம் தப்பியது, ரிக்கற் இனித் தேவையில்லை, போய்க் கணவரிடம் சொல்லவேண்டும் என்று திரும்பினேன். ரீச்சர் போகவிடவில்லை.

"இன்னொண்டும் சொன்னது. சொல்லுறதோ விடுறதோ தெரியேல்லை."

"சொல்லுங்கோ ரீச்சர்."

"'அம்மாவோடை கோவிக்காதேங்கோ அன்ரி, அவவுக்கு இஞ்சத்தைப் பழக்கம் மறந்து போச்சு' எண்டுது. நான் சும்மா பகிடிக்கு, 'கோவிச்சால் என்ன செய்வியள்?' எண்டு கேட்டன். அது பகிடி எண்டு நினைக்கேல்லை. 'எனக்கு ஸ்கூலிலை இப்ப நாலு ஃபிரெண்ட்ஸ் இருக்கினம். தம்பிக்கு ஒழுங்கை முழுக்க இருக்கினம். அம்மாவுக்கு நீங்கள் ஒராள்தான் அன்ரி. நீங்களும் கதைக்காமல் விட்டால் அவ ஆரோடை கதைக்கிறது?' எண்டு கேட்டுது."

ரீச்சர் பார்வையைத் திருப்பி வாளியைப் பார்த்தார். நானும் அந்த வாளியைப் பார்த்தேன்.

பதினேழு வயது வரை வளர்ந்த ஊர். அந்த ஐந்து மாதத்தில் நான் யாரோடு கதைத்தேன் என்று அந்த இடத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். என்னோடு படித்தவர்களில் ஒருத்தியும் ஊரில் இல்லை. இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். சபைப் பெண்கள் மரியாதையாகச் சிரித்து, எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய்க் கதைப்பார்கள். கடைக்காரர் என்னைக் கண்டால் வெளிநாட்டு ஆள் என்று பையனை விட்டுத் தண்ணீர்ப் போத்தல் எடுப்பிப்பார். அக்கா மாதத்தில் ஒரு தடவை வருவாள், வந்தால் திட்டுவாள். மிச்சம் இந்த மதில்தான். இதையெல்லாம் நான் ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை கூட்டிப் பார்த்து, விடையும் எடுத்து, தட்டத்தோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

நான் அழவில்லை என்று எழுத எனக்கு விருப்பம்தான். குமுறிக் குமுறி அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவேண்டும் போலவும் இருந்தது. ரீச்சர் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து குடித்தேன். அவர் பக்கத்தில் இருந்து உடுப்புப் பிழிந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் மேசையடியில் இருந்தார். ரிக்கற்றை வைத்திருப்பதா விடுவதா என்று அன்றைக்குள் அவர் பதில் அனுப்பவேண்டும். மகன் வாசலில் கோழியோடு வாய்த் தர்க்கம். மகள் நிலத்தில் இருந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டிலை கோவமோ?" என்று கணவர் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அவர் மகளின் பக்கம் திரும்பினார். "சரி பிள்ளை, உங்களுக்காகத்தான் வந்தது, உங்களைத்தான் கேக்கோணும். இருப்பமோ, போவமோ?"

மகள் பென்சிலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் சிவந்த கண்ணைப் பார்த்தாள், வீங்கிய மூக்கைப் பார்த்தாள். பிறகு தகப்பனிடம், ஒரு பெரிய மனுஷியைப்போல நிதானமாகச் சொன்னாள்.

"இருப்பம் அப்பா. அம்மா இன்னும் ஒட்டேல்லை. அவவுக்கு இன்னும் கொஞ்ச நாள் குடுத்துப் பாப்பம்."